படிக்கக் கேட்டு

அடி அண்ணாமலை
17-2-2025

தம்பி குமரேசனுக்கு அக்கா சரசு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் ரெண்டு முட்டியில் ஒரு முட்டியும் சுகம். இன்னொரு முட்டி உன்னை மாதிரி, கூப்பிட்டால் வராது. அங்கே நீயும் வினோதினியும் பாப்பாவும் சுகமா?

போன் இருக்கும்போது இவள் எதுக்குக் கடுதாசி போடுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் நீ "ம்" என்கிறாய். மூணாவது "ம்" வந்ததும் "மீட்டிங்க்கா"ன்னு வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் நீ அனுப்புகிற தமிழ் என் போனில் கட்டம் கட்டமாக வருகிறது. தாயக்கட்டை உருட்டலாம். கடுதாசியில் வெறும் "ம்" போட முடியாது பார். பேனா எடுத்தால் நாலு வரியாவது எழுதித்தான் தீரவேண்டும். அதுவும் இல்லாமல், நான் அஞ்சாவது வரைக்கும் படித்த படிப்பை யாரிடம் காட்டுவது? இட்லியிடமா?

கடைக்கு வருகிறவர்கள், "உங்க தம்பி ஆப்பிரிக்காவுல இன்னா வேலை"ன்னு கேட்கிறார்கள். "பேங்குக்கு வக்கீல், ஆனா கோர்ட்டுக்குப் போறதில்ல" என்கிறேன். பக்கத்து வளையல் கடை நசீம் பானு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கோர்ட்டுக்குப் போகாத வக்கீலா? அடுப்பு மூட்டாம இட்லி விக்கிறாரா உன் தம்பி?" என்கிறாள். அவள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் எழுது.

தைப்பூசப் பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. சுக்கு காபி மூணு தரம் போட்டேன். மறுநாள் ரெண்டு பேர் டேப்போடு வந்து நம் கடை வாசலையும், பின்னாடி நான் படுக்கிற அறையையும், அப்பா வைத்த வேப்பமரம் வரைக்கும் அளந்தார்கள். "சட்டை தைக்கவா, சம்பந்தம் பேசவா?"ன்னு கேட்டேன். சிரிக்கவே இல்லை. கிரிவலப் பாதையை அகலப்படுத்துகிறார்களோ என்னவோ. பட்டா உன் பேருக்கு மாற்றினோமே, நோட்டீஸ் ஏதாவது உனக்கு வந்ததா?

"ம்" என்று மட்டும் பதில் வந்தால் ஸ்டாம்ப் காசு உன் தலையில்.

உன் அக்கா
சரசு


நைரோபி
9-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இருபது நாள் பயணம் செய்து வந்தது. உறையில் சுக்கு வாசனை. நாங்கள் மூவரும் நலம். முட்டிக்குத் தைலம் போடுகிறாயா, இல்லை தைலத்தையும் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாயா?

நசீம் அக்காவிடம் சொல்: கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் சண்டை வந்த பிறகு வருகிறவர். சண்டையே வராதபடி எழுதிவைப்பவன் நான். எங்கள் ஆபீசில் பேங்கிங் அண்ட் பைனான்ஸ் என்று ஒரு பிரிவு. லண்டனிலோ துபாயிலோ இருக்கும் ஒரு பேங்க், இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கோ, ஜாம்பியாவில் ஒரு சோலார் நிலையத்துக்கோ கடன் கொடுக்கும். திருப்பிக் கட்டாவிட்டால் எந்த நிலம், எந்த மெஷின் பேங்குக்கு என்று முந்நூறு பக்கம் எழுதுவோம். அந்த முந்நூறு பக்கத்தில் ஓட்டை இல்லாமல் பார்ப்பதுதான் உன் தம்பியின் பிழைப்பு.

போன வாரம் மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஒரு விவசாயி தேயிலைத் தோட்டத்தை ஈடு வைக்கிறார். பட்டா அவர் பேரில்தான். ஆனாலும் அவர் மனைவியின் சம்மதம் வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஊர் வக்கீல் ஒருவர் மொழிபெயர்க்க, நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொன்னேன். நீ இருந்திருந்தால் என் பொறுமையைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பாய்.

வினோதினி உன் புளிக்காய்ச்சலைக் கேட்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
குமரேசன்


அடி அண்ணாமலை
30-3-2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. முட்டி அப்படியே. புளிக்காய்ச்சல் இதோடு வருகிறது. வழியில் ஒழுகினால் உன் முந்நூறு பக்கத்தில் துடைத்துக்கொள்.

உன் பதிலை நசீமிடம் படித்துக் காட்டினேன். "ஓட்டை இல்லாம எழுதறவரா, அப்ப வடை சுட வரமாட்டாரு"ன்னு போய்விட்டாள்.

நான் டேப் பிடித்தவர்களைப் பற்றிக் கேட்டேன். நீ தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, அந்தக் கதையும் நன்றாகத்தான் இருந்தது. அந்தம்மா பேர் என்ன? ரெண்டு மணி நேரமும் சும்மாவா இருந்தாள்? என்ன கேட்டாள்? இன்னொன்று. அவள் கேட்காமலேயே, தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைத்திருந்தால் உன் பேங்க் என்ன செய்யும்?

இந்தப் பௌர்ணமிக்கும் ஒரு டேப் வந்தது. இந்தத் தடவை வேப்பமரத்தின் சுற்றளவு. மரத்துக்கு ஜாக்கெட் போலிருக்கிறது.

உன் அக்கா
சரசு


நைரோபி
26-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

புளிக்காய்ச்சல் ஒழுகாமல் வந்து இரண்டே நாளில் தீர்ந்தது. அனைவரும் நலம்.

அந்த அம்மாவின் பெயர் வஞ்சிரு. உன் வயதுதான் இருக்கும், உன் வாய்தான். "இந்தக் காகிதத்துக்கு எத்தனை வயசு? என் மகன் காலத்திலும் உயிரோடு இருக்குமா?" என்று முதலில் கேட்டார். "இவர் கட்டாவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?" என்றார். அதற்கும் பதில் சொன்னேன். கடைசியில் என்னைப் பார்த்து, "எழுதியிருப்பதை எல்லாம் நீ சொல்லிவிட்டாயா, இல்லை நீ சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியுமா?" என்றார். பன்னிரண்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.

கேட்காமல் கைநாட்டு வைத்திருந்தால் என்றா கேட்கிறாய்? அது கையெழுத்தே இல்லை அக்கா. கோழி கிளறியதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. படித்துக் காட்டினேன், விளங்கிக்கொண்டார் என்று நானும் கூட வந்த வக்கீலும் தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் நான் பொய் எழுதினால் என் வக்கீல் சன்னதே போய்விடும். எந்த ஊரானாலும் நியாயம் இதுதான். தெரியாதவரிடம் மறைத்து வாங்கியது செல்லாது.

டேப் விஷயம் பஞ்சாயத்து வேலையாக இருக்கும். கண்டுகொள்ளாதே.

உன் தம்பி
குமரேசன்


அடி அண்ணாமலை
18-5-2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. வெயிலில் இட்லி மாவு தானே கொதிக்கிறது, அடுப்பு மிச்சம். நான் சுகம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

சித்ரா பௌர்ணமி கழிந்து நாலாம் நாள் ஒருத்தர் வந்தார். திருமலை என்று பேர். செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், வெள்ளைக்காரர்களுக்கு லாட்ஜ் நடத்துகிற முதலாளியின் மேனேஜராம். நல்ல மனுஷன், ஆறு இட்லி சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "அம்மா, இந்த இடத்த எங்க முதலாளி வாங்கிட்டாரு. போன தையிலயே கிரயம் முடிஞ்சிடுச்சி. ஐப்பசிக்குள்ள நீங்க காலி பண்ணித் தரணும்" என்றார்.

"யார் வித்தது?" என்றேன்.

"நைரோபியில இருக்கற குமரேசன் சார். அவர் பவர் குடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போட்டாரு."

நான் சிரித்தேன். "அது வேற குமரேசனா இருக்கும் சார். என் தம்பி ஒரு வெங்காயம் வாங்கினாக்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவான்"னு சொன்னேன். அவரும் பாவம், இட்லிக்குக் காசு வைத்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

ஆப்பிரிக்காவில் நம் ஊர்க் குமரேசன் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விசாரித்து எழுது. அந்த ஆள் கிடைத்தால், அவனுக்கு அக்கா யாராவது இருக்கிறாளா என்றும் கேள்.

உன் அக்கா
சரசு


அடி அண்ணாமலை
29-6-2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் சுரேஷ்குமார் நம் கடைப் பக்கம் வந்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு. ஒரு "ம்" ஆவது போட்டிருக்கலாம். ஸ்டாம்ப் காசு கேட்கமாட்டேன்.

எல்லாரும் சுகம்தானே? அதையாவது எழுது.

அந்த ஜெராக்ஸ் கட்டை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பத்திரத் தமிழ், முதல் வரி தாண்டவில்லை. நசீம் பத்தாவது. அவளை உட்காரவைத்து, கடையை மூடிவிட்டு, முழுதும் படிக்கச் சொன்னேன். மேலே இருந்தது விற்ற பத்திரம். அடியில் ஒன்று, விடுதலைப் பத்திரம். ரெண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. அப்பா திதிக்கு நீ வந்தபோது என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனாயே, அது. அப்பாவின் இடத்தில் எனக்குள்ள பாதியை உனக்கே விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறது. கடைசியில் "படிக்கக் கேட்டு, முழு மனதுடன் சம்மதித்து" என்று போட்டு, கீழே என் கையெழுத்து. "சரசு"வில் "சு" கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. என்னுடையதுதான். போட்டோவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நசீம் படித்தாள், நான் கேட்டேன். அன்றைக்கு யார் படித்தது குமரேசா?

உன் அக்கா
சரசு


நைரோபி
20-7-2025

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

நலம். தங்கள் நலனை விரும்புகிறேன். தங்கள் 18-5-2025 மற்றும் 29-6-2025 தேதியிட்ட கடிதங்கள் கிடைக்கப்பெற்றன.

மேற்படி இடம் தொடர்பான விடுதலைப் பத்திரம், தாங்கள் நேரில் ஆஜராகி, சார்பதிவாளர் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் அறியக் கையொப்பமிட்டு முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகும். எனவே அதன்பின் நடந்த கிரயமும் சட்டப்படி செல்லத்தக்கதே.

அலுவலகத்தில் நான் பங்குதாரர் ஆவதற்கு என் பங்கு மூலதனத்தைச் செலுத்தவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. தங்களுக்குத் திருவண்ணாமலை டவுனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தரவும், மாதாமாதம் செலவுக்கு அனுப்பவும் தயாராக இருக்கிறேன். இது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படலாகாது.

இப்படிக்கு,
ச. குமரேசன்


அடி அண்ணாமலை
10-8-2025

குமரேசனுக்கு மதிப்பிற்குரிய சகோதரி எழுதிக்கொண்டது.

டைப் அடித்த கடுதாசி வந்தது. எங்கள் வீட்டில் மதிப்பிற்குரியவர் யாரும் இல்லை என்று சுரேஷ்குமாரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். பின்னாடி உன் பேர் இருந்ததால் வாங்கிக்கொண்டேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நீ சுகம், நான் சுகமாக இருக்கலாம், அக்காவைக் காணவில்லை.

சாட்சிகள் அறிய என்று எழுதியிருக்கிறாய். நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன், எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். மெஷினில் விரல் வைத்தால் விழவில்லை. "அடுப்புல தேஞ்சுபோச்சு சார், புது விரல் வாங்கினு வரட்டா?"ன்னு கேட்டு ஆபீசையே சிரிக்க வைத்தேன். அந்த சார், "படிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார். நான் வாய் திறக்குமுன் நீ, "எல்லாம் சொல்லியிருக்கேன் சார்" என்றாய். நீ சொல்லியிருந்தது பட்டா பேர் மாற்றம் என்று. அப்பவும் நான் உன் காதில் கேட்டேன், "இன்னாடா எழுதியிருக்கு இதுல?" நீ என் தோளில் கை போட்டு, "உன் பேர்தான் அக்கா எழுதியிருக்கு" என்றாய்.

பொய் இல்லை. என் பேர் இருந்தது. ஏழு இடத்தில். நசீம் எண்ணினாள்.

டவுனில் முருகவேல் என்று ஒரு வக்கீல், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல். ஜெராக்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வஞ்சிரு கதை எழுதினாயே, அந்தச் சித்திரை மாசத்துக் கடுதாசி, அதைக் காட்டினேன். ரெண்டு தரம் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "கேஸ் நிக்கும்மா. மறைச்சு வாங்கினா செல்லாதுன்னு உங்க தம்பியே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. இதோட ஒரு நகல அவர் ஆபீசுக்கும் அனுப்பினா அங்கியும் பதில் சொல்லணும்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. என் தம்பி எழுத்தை ஒருத்தர் மெச்சுகிறாரே என்று எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, போ.

டவுன் அறை வேண்டாம். அங்கே இட்லி வேகாது.

சரசு


நைரோபி
31-8-2025

அக்கா,

கையால்தான் எழுதுகிறேன். அந்த டைப் அடித்த கடிதத்தை மறந்துவிடு. ஆபீசில் ஒரு நண்பர் அப்படித்தான் எழுதவேண்டும் என்றார்.

அன்றைக்கே உனக்குப் படித்துக் காட்டியிருக்கவேண்டும். படித்துக் காட்டினால் நீ ஒரே ஒரு கேள்வி கேட்பாய் என்று தெரியும். "அப்ப நான் எங்கடா போவேன்?" என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான்.

அந்தச் சித்திரை மாதக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு அக்கா. யாரிடமும் நகல் கொடுக்காதே. அது என் ஆபீசுக்குப் போனால் இங்கே எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. பங்கு, வேலை, சன்னது எல்லாம் போகும். பாப்பா இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். வினோதினிக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

இடத்தைத் திரும்ப வாங்க முடியாது. கேட்டுப் பார்த்தேன் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கேட்கவில்லை. கடிதத்தை மட்டும் அனுப்பு.

உன் தம்பி
குமரேசன்

முட்டி எப்படி இருக்கிறது?


அடி அண்ணாமலை
8-12-2025

குமரேசனுக்கு எழுதிக்கொண்டது.

மூணு மாசம் காக்கவைத்துவிட்டேன். அந்தப் பாடம் உன்னிடம் படித்ததுதான். தீபத் திருவிழா முடிந்தது. மலைமேல் இன்னும் எரிகிறது. முட்டி அப்படியே.

நீ கேட்ட சித்திரைக் கடுதாசி இதோடு இருக்கிறது. "படித்துக் காட்டியிருக்கவேண்டும்" என்று கையால் எழுதினாயே, அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ரெண்டையும் வெளிச்சத்தில் பிடித்து அசலா ஜெராக்ஸா என்று பார்ப்பாய். பார். அசல்தான். நகல் எடுக்கவில்லை. முருகவேல் சாருக்கு என்மேல் கோபம். கூண்டில் ஏறி, "என் தம்பி என்னை ஏமாத்திட்டான்" என்று நான் வாயால் சொல்லவேண்டுமாம். வீட்டில் நின்று சொல்லிப் பார்த்தேன். "என் தம்பி" வரைக்கும் நன்றாக வருகிறது. பன்னிரண்டு வருஷமாக அதற்கு மேல் "ஆப்பிரிக்காவுல பெரிய வக்கீல்" என்றே பழகிய நாக்கு, வேறு பக்கம் திரும்பமாட்டேன் என்கிறது.

ஐப்பசி கடைசியில் கடையை இடித்தார்கள். அரைநாள் வேலை. வேப்பமரத்துக்குத்தான் ரெண்டு நாள் ஆனது. திருமலை சார் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "இட்லி சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன், அடுப்பே இல்லாமல். நசீம் தன் வளையல் கடை வாசலில் பாதியை எனக்கு விட்டிருக்கிறாள். ராத்தங்கலும் அவள் வீட்டில். பத்திரம் ஏதும் இல்லை. அவள் வாயால் சொன்னாள், நான் கேட்டேன்.

அந்த ஜெராக்ஸை நசீம் எனக்குப் படித்துப் படித்து இப்போது எனக்கே மனப்பாடம். அதைப் பார்த்து நானே ஒன்று எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள். ஓட்டை இல்லாமல் எழுதுகிறவன் நீ.

விடுதலைப் பத்திரம்

நைரோபியில் இருக்கும் சடையன் மகன் குமரேசனுக்கு, அடி அண்ணாமலையில் இருக்கும் சடையன் மகள் சரசு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்: கீழ்ச் சொத்து விவரத்தில் கண்ட தம்பியின் பேரில் எனக்கு இருந்த சகல பாத்தியத்தையும் இன்று முதல் விட்டுவிட்டேன். இனிமேல் அவன் பேரில் எனக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுகிற பாத்தியம், புளிக்காய்ச்சல் அனுப்புகிற பாத்தியம், கிண்டல் செய்கிற பாத்தியம் எல்லாம் இதில் அடக்கம்.

சொத்து விவரம்: தம்பி ஒன்று. பதினோரு மாதத்தில் அம்மா விட்டுப்போனது. என் இடுப்பில் வளர்ந்தது. நெற்றியில் அடுப்புக்கல் பட்ட தழும்பு ஒன்று உண்டு. இதற்கு நான்கெல்லை: கிழக்கே மலை. தெற்கே இதைத் தூக்கிக்கொள்ள நான் அஞ்சாவதோடு நின்ற பள்ளிக்கூடம். வடக்கே வேப்பமரம், இப்போது இல்லை. மேற்கே கடல்.

சாட்சி ஒன்று போட்டாயிற்று, நசீம் பானு. இன்னொரு சாட்சிக்கு இடம் விட்டிருக்கிறேன். உன் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். ஆனால் நீயாகப் படித்துவிட்டுப் போடக்கூடாது. வேறு ஒருத்தர் வரி வரியாகப் படிக்கவேண்டும், நீ உட்கார்ந்து கேட்கவேண்டும். அப்போதுதான் செல்லும், எந்த ஊரானாலும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் வினோதினிதான். அவளைப் படிக்கச் சொல். இரண்டாவது சாட்சியும் அவளே போடட்டும்.

பத்திரத்தை அவள் கையில் கொடுக்கப் பயமாக இருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் பேர்தான்டா எழுதியிருக்கு.

இப்படிக்கு,
சடையன் மகள்
சரசு